ஐந்தாம் எண்ணுக்கு வந்த படை

நான் ஓய்வு பெற்ற அன்று பாசிர் கூடாங் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். மீ கோரெங் நூடுல்ஸ், கேக், இனி எங்கும் தூக்கிப் போகத் தேவையில்லாத எனக்கு ஒரு மடிக்கணினிப் பை. என்னோடு வேலை பார்த்த இளையவர்களில் பாதிப் பேர் ஜொகூர் முழுக்க எழும்பிக்கொண்டிருக்கும் தரவு மையங்களுக்குத் தாவிவிட்டார்கள். மீதிப் பேர் தாவ விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: “விஜயாக்கா, நீங்க மொத மொத செட் பண்ண நெட்வொர்க் எது?” ஏழு டெலிபோன் லைன் என்றேன். சிரித்தார்கள். அதில் என்ன ஓடியது என்று கேட்டார்கள். யுத்தம் என்றேன். “அதை எழுதுங்கக்கா” என்றார்கள். சொன்னவர்கள் மறந்திருப்பார்கள். நான் மறக்கிற ஆள் இல்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. கூலாய் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தேன். தட்டெழுத்துப் பள்ளி, ஒரு வருடக் கணினி வகுப்பு, அப்புறம் ஜொகூர் பாருவில் மெய்யப்பன் அவர்களின் கணினிக் கடையில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் வேறு வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் கணினிமேல் ஆசைப்பட்டுக் கடை போட்டார். விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தொட்ட பிறகும் கழுவுவார். அவரிடம் எந்த விஷயத்தைச் சொல்லப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு “சரி, அப்புறம்?” என்பார். நாம் சொல்லி முடித்த பிறகும் “அப்புறம்?” என்பார். அந்த இரண்டாவது அப்புறத்தில்தான் நாம் மறைக்க நினைத்தது வெளியே வரும். அவர் கத்தி நான் பார்த்ததில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்போது இண்டர்நெட் நம் வீடுகளுக்கு வரவில்லை. ஒருவர் தன் கணினியை மோடம் வழியாக டெலிபோன் லைனில் இணைத்துத் திறந்து வைப்பார். மற்றவர்கள் தங்கள் மோடத்திலிருந்து அந்த நம்பரை அழைத்து உள்ளே போவார்கள். கடிதம் எழுதலாம், ஃபைல் எடுக்கலாம், விளையாடலாம். பிபிஎஸ் என்று பெயர். நாங்கள் போர்டு என்போம். லைன் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். மற்றவர்களுக்கு எங்கேஜ் டோன்.

மோடம் விற்பதற்காக மெய்யப்பன் கடையில் ஒரு போர்டு வைத்தார். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒரு யுத்த விளையாட்டு இருந்தது. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் நிலம், கொஞ்சம் சிப்பாய்கள், ஒரு நாளைக்கு ஒரு முறை ஆட்டம். எங்கள் ஊரில் பதினோரு பேர் விளையாடினார்கள். இரண்டே மாதத்தில் எல்லாரும் எல்லாரையும் அடித்து முடித்து அலுத்துப்போனார்கள். விளையாட்டின் கையேட்டில் கடைசி நான்கு பக்கங்களை யாரும் படித்திருக்கவில்லை. நான் படித்தேன். பல ஊர் போர்டுகளைச் சேர்த்து, ஊருக்கு ஒரு நாடு என்று லீக் நடத்த வழி சொல்லியிருந்தது. ஜொகூரில் அதைச் செய்து காட்டியது நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

ஊருக்கு ஓர் எண் கொடுத்தேன். ஜொகூர் பாரு ஒன்று, பெக்கான் நானாஸ் இரண்டு, குளுவாங் மூன்று, மூவார் நான்கு, பெக்கோக் ஐந்து, பத்து பஹாட் என்ற ஊர் ஆறு, சிகாமட் ஏழு. எல்லாப் போர்டிலும் விளையாட்டின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், ஒரே விதிகள் இருக்க வேண்டும். ஓர் ஊரில் நாளைக்கு ஓர் ஆட்டம் கூடுதலாகக் கிடைத்தாலும் ஆட்டமே கெட்டுவிடும். ஃபோனில் சொன்னால் எல்லாரும் “சரிக்கா, சரிக்கா” என்பார்கள், செய்ய மாட்டார்கள். ஆகவே பிஸ்கட் டின்னில் டிஸ்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு ஆறு ஊருக்கும் பஸ்ஸில் போய் நானே ஏற்றிவிட்டு வந்தேன். பெக்கான் நானாஸில் அன்னாசித் தொழிற்சாலை மெக்கானிக் அசோகன் தன் நாட்டுக்கு அன்னாசிப் பேரரசு என்று பெயர் வைத்திருந்தார். பேரரசர் கிரீஸ் கையோடுதான் வந்து கதவைத் திறந்தார்.

தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு போர்டும் முந்தைய நாள் ஆட்டத்தைக் கட்டி ஒரு பாக்கெட்டாக்கும். யாருடைய படை, எத்தனை பேர், எந்த ஊருக்கு என்பதெல்லாம் அதற்குள் வெறும் எண்களாக இருக்கும். ஆறு ஐந்துக்குப் பெக்கான் நானாஸ் என் லைனை அழைக்கும், ஆறு பத்துக்குக் குளுவாங், இப்படி வரிசையாக. எல்லாம் வந்து சேர்ந்ததும் நான் அளவு சரிபார்த்து ஊர்வாரியாகப் பிரிப்பேன். ஏழு மணிக்கு மேல் அதே வரிசையில் அழைத்து எடுத்துக்கொள்வார்கள். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். நான் ஆறு மணிக்கு முன்பே அங்கே இருப்பேன். யாரும் என்னை வரச் சொன்னதில்லை. பாக்கெட் வழியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் படை யாருக்கும் சொந்தமில்லை. அதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்றே நினைத்துக்கொள்வேன்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பெக்கோக் போர்டை நடத்தியவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, மூடிவிட்டுப் போய்விட்டார். லீக் பட்டியலைக் கடை ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தோம். மெய்யப்பன் அதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, அஞ்சு காலியா நிக்குது. பாக்கறவங்க லீக்கே கலைஞ்சு போச்சுன்னு நெனப்பாங்க” என்றார். ஒரு மாதம் கழித்து மெர்சிங்கிலிருந்து ஒருவர் சேர விரும்பினார். அவருக்கு ஐந்தைக் கொடுத்தேன். முதலாளி சொன்னதால் கொடுத்தேன் என்று பழி போட மாட்டேன். எட்டு கொடுத்திருக்கலாம். எனக்கும் ஓட்டையில்லாத பட்டியல்தான் பிடித்திருந்தது.

மெர்சிங்காரர் பெயர் சிவபாலன். படகுத் துறையில் தீவுகளுக்குப் படகு விடும் ஒரு சின்ன நிறுவனத்தில், ஒவ்வொரு படகிலும் ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் கணினியில் அடிக்கிற வேலை. கடல் கெட்டால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தேடுவார்கள். அந்த வேலையில் அவருக்குப் பெருமை உண்டு. டிஸ்கெட்டோடு போன அன்று எனக்கு முதலில் காட்டியது தன் போர்டை அல்ல, அந்தப் பட்டியலைத்தான்.

அவர் சேர்ந்து மூன்றாவது வாரம் ஒரு காலை. விளையாட்டு தினமும் எல்லா நாடுகளின் படைபலத்தையும் வெளியிடும். முந்தைய நாள் வரை முந்நூறு சிப்பாய் வைத்திருந்த மெர்சிங்கிடம் நாலாயிரத்து முந்நூறு பேர் இருந்தார்கள். அதுவும் சிவபாலனின் சொந்தக் கணக்கில். எட்டு மணிக்குள் அசோகன் ஃபோன் செய்துவிட்டார்.

“அக்கா, பாத்தீங்களா? ஒரே நாள்ல நாலாயிரம் பேர் எங்கேருந்து லா வருவான்? கடல்லேருந்தா?”

“பாத்துச் சொல்றேன், அசோகன்.”

“என்னத்த பாக்கறது? ஃபைல்ல கை வச்சிருக்கான். அவ்ளோதான்.”

அதற்கும் என்னிடம் ஒரு முறை இருந்தது. முதலில் எல்லா ஊரையும் அழைத்து ஒரே கேள்வி கேட்டேன்: இந்த வாரம் ஐந்தாம் எண்ணுக்குப் படை அனுப்பினீர்களா? எல்லாரும் இல்லை என்றார்கள். அடுத்து சிவபாலனிடம் பதிவுகளைக் கேட்டேன். அன்றே அனுப்பிவைத்தார். கூடவே ஒரு கடிதம்: இது எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். பதிவில் தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் பதிவு என்பது ஒரு ஃபைல். அதையும் திருத்தலாம். இவ்வளவு சுத்தமாக இருப்பதே சந்தேகம் என்று நினைத்தேன். சந்தேகப்பட ஆரம்பித்தால் என் மூளை ரொம்பச் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நான் யோசித்துக்கொண்டிருந்த மூன்று நாளில் அசோகன் ஆயிரம் பேரோடு படையெடுத்து மெர்சிங்கின் இரண்டு மாநிலங்களைப் பிடித்துக்கொண்டார். அதையும் படித்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

நாலாம் நாள் மெர்சிங்கை நீக்கினேன். படை எண்ணிக்கையைத் திருத்தி மோசடி செய்ததால் நீக்கப்படுகிறது என்று, சிவபாலனின் பெயரையும் ஊரையும் போட்டு, கடையின் பெயரில் எல்லாப் போர்டுகளுக்கும் அனுப்பினேன். மெய்யப்பன் படித்துவிட்டு “அப்புறம்?” என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை என்றேன். அன்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

இரண்டு வாரம் போயிற்று. மூவார் போர்டை நடத்திய ரசாலி, பலகைக் கடைக்காரர், வேறு ஏதோ கேட்க அழைத்தார். பேச்சுவாக்கில், பழைய மோடம் இடி விழுந்து எரிந்ததிலிருந்து தனக்கு நிம்மதியே இல்லை என்றார். “புது மோடம் மாட்டின அன்னிக்கு, ஒன்றரை மாசமா உள்ளே தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே காலையில கெளம்பிப் போச்சு, விஜயா. எனக்கே ஆச்சரியம்.” எந்தக் காலை என்று கேட்டேன். மெர்சிங்குக்குப் படை வந்த காலை. மூவாரிலிருந்து ஒன்றரை மாதம் பாக்கெட் வராததும் அன்று திரும்ப வந்ததும் எனக்குத் தெரியும், ஆனால் மெர்சிங்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

கையில் பிடித்திருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தது நினைவிருக்கிறது. “ஆனா நான் கேட்டப்ப, படை அனுப்பலன்னு சொன்னீங்களே?”

“அனுப்பலதான். அது திரும்பிப் போன படை. வீட்டுக்குப் போறத அனுப்பறதுன்னு சொல்லுவாங்களா?”

அடுத்த விடுமுறை நாளில் மூவாருக்குப் பஸ் ஏறினேன். பலகைக் கடையின் மாடியில் ரசாலியின் பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று அடித்துத் தள்ளிய தாளை நான் கையில் வாங்கிக்கொண்டே வரிவரியாகப் பார்த்தேன். ‘அனுப்பியவை’ பகுதியில் ஒன்றும் இல்லை. ‘திரும்பியவை’ பகுதியில் இருந்தது. பெக்கோக் போர்டு மூடுவதற்கு முன்பு, அங்கே மூன்றாவதாகப் பதிவு செய்தவர் மூவார்மேல் ஒரு பெரிய படையை ஏவியிருக்கிறார். சண்டை முடிந்து, பிழைத்த நாலாயிரம் பேரை விளையாட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்தது. அதற்குள் இடி விழுந்து மோடம் எரிந்துவிட்டது. மோடம் உயிர் பெற்ற அன்று படை வீடு நோக்கிக் கிளம்பியது. பாக்கெட்டில் ஊர்ப் பெயர் கிடையாது, ஆள் பெயரும் கிடையாது. எண் ஐந்து, ஆட்டக்காரர் மூன்று, அவ்வளவுதான். ஐந்து இப்போது மெர்சிங். அங்கே மூன்றாவதாகப் பதிவு செய்தவர் சிவபாலன். என் கையாலேயே அந்தப் பாக்கெட்டைப் பிரித்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

ரசாலி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் அழுதேன். வெட்கத்தில் அழுதேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மறுநாள் மெய்யப்பனிடம் போனேன். கண்ணை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்புறம்?”

“மெர்சிங்குக்கு ஃபோன் பண்ணேன், சார். அவரோட மொதலாளி, அந்த தவுக்கே காதுக்கு விஷயம் போயிருச்சாம். டிக்கெட் கவுண்டர்ல இருக்கறவர் நம்ம அறிவிப்ப பிரிண்ட் பண்ணிக் காட்டியிருக்காரு. கம்ப்யூட்டர்ல நம்பர் மாத்தறவன்கிட்ட பயணிங்க பேர் லிஸ்ட்ட எப்படிக் குடுக்கறதுன்னு, அவர படகுல கயிறு கட்டப் போட்டுட்டாங்க.”

மெய்யப்பன் கண்ணைத் திறந்தார். எழுந்து போய்க் கை கழுவினார். விசைப்பலகையைத் தொடவே இல்லை, இருந்தும் கழுவினார். திரும்பி வந்து, “தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டு வாபஸ் வாங்கிருவோம். மோடம் மேல இடி விழுந்ததும் உண்மைதானே” என்றார்.

“இடி மோடத்த எரிச்சுது, சார். நம்பர நான்தான் மாத்திக் குடுத்தேன்.”

“கடைப் பேரு இருக்குதும்மா.”

“அவரு பேரும்தான் இருந்துச்சு. நம்மதான் போட்டோம்.”

அவரிடம் அப்படி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. வேலை போனால் போகட்டும் என்று வீரமாக இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அப்படி இல்லை. நான் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். மூடிய போர்டின் எண்ணைப் புதிய போர்டுக்குக் கொடுத்தது என் தவறு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதது என் தவறு, மெர்சிங் சிவபாலன் எந்த மோசடியும் செய்யவில்லை, இப்படிக்கு விஜயா. அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படித்தார். எதையும் அடிக்கவில்லை. என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். “எல்லாப் போர்டுக்கும் அனுப்பு. ஒண்ணு ஜன்னல்லயும் ஒட்டு” என்றார். லீக் பட்டியல் ஒட்டியிருந்த இடத்தில் அது ஒரு மாதம் இருந்தது. வாடிக்கையாளர்கள் நின்று படித்துவிட்டு உள்ளே வந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

அந்த லீக் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு ஓடியது. நெகிரி செம்பிலானிலிருந்துகூட ஊர்கள் சேர்ந்தன. புதிதாக யார் வந்தாலும் புது எண்தான் கொடுத்தேன். பட்டியலில் ஐந்தாம் இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது. இண்டர்நெட் வந்து போர்டுகள் ஒவ்வொன்றாக மூடின. நான் தொழிற்சாலைக்கு மாறி, ஏழு லைனிலிருந்து ஏழாயிரம் கருவிகள் வரை பார்த்தேன். இளையவர்கள் நான் எண்களில் பிடிவாதக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பேசட்டும். முப்பது ஆண்டில் என் கையில் ஒரு கருவிக்குப் போக வேண்டியது இன்னொன்றுக்குப் போனதில்லை.

ஆனால் அவர்கள் கேட்ட கதை மெர்சிங்கில்தான் முடிகிறது. அறிவிப்பை அனுப்பிய மறுநாள் காலை பஸ்ஸில் அங்கே போனேன். கையில் மூவார்த் தாளும், ஒட்டியதன் நகலும். படகுத் துறையில் சிவபாலன் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “வாங்கக்கா” என்றார். இரண்டு பேருமாகத் தவுக்கேயிடம் போனோம். வயதான சீனர். எனக்குத் தெரிந்த மலாயில் முழுவதையும் சொன்னேன், தாளில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் பாதி புரியவில்லை. “ஜாடி, டியா தாக் திப்பு?” என்றார். அப்படியென்றால் இவன் ஏமாற்றவில்லையா என்று கேட்கிறார்.

“இல்லை தவுக்கே. தப்பு பண்ணது நான்” என்று மலாயில் சொன்னேன். பிறகு சிவபாலனிடம், இரண்டு மணிப் படகிலிருந்து பட்டியலை நீயே அடி என்றார்.

மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. சிவபாலன் என்னைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி மீன் பொரித்து வைத்தார். சாப்பிட்டு முடித்ததும், “அக்கா, ஒண்ணு காட்டணும்” என்று கணினியைத் திறந்தார். நீக்கிய அன்று இருந்தபடியே விளையாட்டு உறைந்து கிடந்தது. அவருடைய நாட்டில் இரண்டு மாநிலங்கள் போயிருந்தன. எல்லையில் நின்ற முந்நூறு பேரில் எழுபது பேர்தான் மிச்சம். பக்கத்துத் திரையில் முகாம். விளையாட்டில் வந்து சேர்கிற படை முகாமில் இருக்கும், ஆட்டக்காரர் கட்டளை கொடுத்தால்தான் சண்டைக்குப் போகும். முகாமில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். ஒருவர் குறையாமல்.

அசோகன் ஆயிரம் பேரோடு வந்தபோது இவர் நாலாயிரம் பேரை வைத்துக்கொண்டு தோற்றிருக்கிறார். நான் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

“இத ஏன் என்கிட்ட சொல்லல, சிவபாலன்?”

“நீங்க பதிவு லாக் கேட்டீங்க, குடுத்தேன். இதப் பத்தி யாரும் கேக்கல.”

“அடிச்சப்பகூடவா எடுக்கத் தோணல?”

“என்னோடது இல்லையேக்கா. யாரோ தேடிக்கிட்டு வருவாங்கன்னு நெனச்சேன்.”

இப்படி ஒரு மனிதர் நான் கட்டிய லீக்கில் இருந்தார் என்று அந்த நிமிடம் பட்ட பெருமை, அதற்குப் பின் வாங்கிய எந்தச் சான்றிதழிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு எட்டாம் எண் தருகிறேன், நாளைக் காலையிலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள், போன மாநிலங்களை அசோகன் திருப்பித் தந்துவிடுவார் என்றேன். முதலில் அந்தப் படையை எடுத்துவிடச் சொன்னார். நீங்களே அழித்துவிடலாமே என்றேன்.

“நான் இதுவரைக்கும் கை வைக்கல. நீங்களே எடுத்துடுங்க” என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

உட்கார்ந்து நாலாயிரத்தைப் பூஜ்யமாக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மணி ஒன்று நாற்பத்தைந்து. இரண்டு மணிப் படகில் முப்பத்தாறு பேர் என்று சொல்லிவிட்டு, வெயிலில் துறையைப் பார்த்து ஓடினார்.